காலடிப்பேட்டை நிறுத்தமும் செல்வியின் பன்னும்

இந்த ஜூனில் தொடங்கி சனிக்கிழமைதோறும், கல்மண்டபத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு நானும் என் மகள் செல்வியும் போய்வருகிறோம். அஞ்சு கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய்க்குள். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிக்காதீர்கள். ஒன்பது வயசு செல்விக்கு மூளை வளர்ச்சி குறைவு. நடந்துகொண்டிருக்கும்போதே நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் யாருக்காகவும் நிற்காது. சொன்னதும் எழுந்திருக்க அவள் பழகாவிட்டால், ஒருநாள் அவளை இழந்துவிடுவேன் என்ற பயம்தான் எங்களைக் காலடிப்பேட்டையில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று இருக்கும் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோனது.

காலை 8.10 பஸ். லாரி வரிசையில் மாட்டினால் இறங்க ஒன்பதாகிவிடும். முதல் நாள் இறங்கியதுமே உட்கார்ந்துவிட்டாள். நான் கத்தினேன். டீக்கடைக்காரர் பன்னோடு ஓடிவந்தார். பன்னை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். கல்மண்டபத்திலும் இதே கதைதான், எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மனசு அப்படி.

மையத்து டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "சார், அவ உக்காந்தா பன் வருது. எழுந்தா என்ன வருது? நீங்களா இருந்தா எழுந்திருப்பீங்களா?" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: "எழுந்திரு" என்று ஒரே தடவை சொல்லணும். மனசுக்குள் அஞ்சு எண்ணணும். எழுந்தால் அந்த நொடியே பன்னும் பாராட்டும். எழாவிட்டால் கத்தாமல், முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போகணும், பன் கிடையாது.

டீக்கடைக்காரரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம். "இன்னா நைனா, கொயந்த அயுவுது. ஒரு பன்னு குடுத்தா இன்னா கொறஞ்சா பூடும்?" அவருக்குப் புரியவைக்கவே இரண்டு வாரம் போனது.

ஆறாவது சனிக்கிழமை, ரோட்டைக் கடக்கும்போது உட்கார்ந்தாள். "செல்வி, எழுந்திரு" என்றேன், ஒரே தடவை. மூணு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள். ஆனால் இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

டீச்சரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. நாலு வருஷமாக "எழுந்திரு" என்ற அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் அவளை அறைந்திருக்கிறேன். டீக்கடை ஓரம் ஏறியதும் பன்னை நீட்டினேன். வாங்க வேண்டுமென்றால் கையை எடுக்கணும், அவள் எடுக்கவில்லை. டீக்கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: 8.10 பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். பன்னை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை மேல் கை ஓங்கியிருந்தால் முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். நான் ஏழாவது வாரம்தான் சொன்னேன். டீச்சர் சொன்னபடி இப்போது நாங்கள் "எழுந்திரு" என்பதில்லை, "வா செல்வி" என்கிறோம். வருகிறாள். ஒரு கை மட்டும் இன்னும் கன்னத்தில் இருக்கிறது.