தூக்கி எறியக் கூடாது

உலகத்தில் சாம்பியன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூன்றே பேர் ஆடும் ஆட்டத்தில் தானே விதி போட்டு, தானே ஜெயித்து, தனக்குத் தானே பட்டமும் சூட்டிக்கொண்டவர் நம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவராகத்தான் இருப்பார்.

வாரம் முழுக்க அவருடைய பிழைப்பு, கார் கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவர் இடது என்பார், வண்டி வலது பக்கம் திரும்பும். வீட்டுக்குப் போனால் மனைவியும் கல்லூரி மகளும் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள் என்று நினைத்தால், பாவம், நீங்கள் அவர்களைப் பார்த்ததில்லை. அதனால் ஞாயிறு மதியம் மருந்துக்கடையின் மாடி அறைக்குள் நுழைந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியாது.

அறை நிறைய மருந்துப் பெட்டிகள், நடுவில் பள்ளம் விழுந்த ஒரு சோபா, ஒரு டிவி. அதில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் வீடியோ கேம். மாஸ்டரோடு ஆடுகிறவர்கள் கடைக்காரரும், மாஸ்டரின் தங்கையைக் கட்டிய லிஃப்ட் மெக்கானிக்கும்.

அந்த விளையாட்டில் குத்தலாம், உதைக்கலாம், கையைக் குறுக்கே வைத்துத் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே கல்லாக நிற்பவனை என்ன செய்வது? கிட்டே போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறியலாம். பிடிபட்டவனும் அதே நொடியில் அதே பொத்தானை அழுத்தினால் தப்பித்துக்கொள்ளலாம். விளையாட்டைச் செய்தவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மாஸ்டருக்குத்தான் அது சரிப்படவில்லை.

"தூக்கி எறியறதெல்லாம் ஒரு ஆட்டமா? கோழைங்க வேலை. நம்ம ரூம்ல அது கிடையாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருமுறை கடைக்காரர் கை தவறித் தூக்கிவிட்டார். மாஸ்டர் எழுந்து போனவர்தான், அதன்பிறகு இரண்டு ஞாயிறு அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மெக்கானிக் அவருடைய வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் யாரும் தூக்கவில்லை. மாஸ்டர் தடுத்துக்கொண்டே நிற்பார், எதிராளி அலுத்துப்போகும்போது ஒரே ஒரு உதை விடுவார். வருஷக்கணக்கில் அவர்தான் சாம்பியன்.

சாம்பியன் அறைக்குள்ளேயே இருந்திருக்கலாம். பெரிய கடைத்தெருவில் அதே விளையாட்டுக்குப் போட்டி நடக்கிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டார்.

"எதுக்கு மாஸ்டர் அதெல்லாம்?" என்று கடைக்காரர் இழுத்தார்.

"உங்களுக்குப் பொறாமை" என்றார் மாஸ்டர். மனைவியையும் மகளையும் வேறு அழைத்துப் போனார். அவர்கள் தன்னை ஒருமுறையாவது ஜெயித்தவனாகப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

எதிரே உட்கார்ந்தவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். மாஸ்டர் வழக்கம்போலத் தடுத்து நின்றார். அவள் கிட்டே வந்து தூக்கி எறிந்தாள்.

"அது தப்பும்மா" என்றார் மாஸ்டர்.

"எது சார்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டுக்கொண்டே மறுபடியும் எறிந்தாள். மனைவி உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அடுத்த ஞாயிறு, இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று சற்று முன்னதாகவே மாடி ஏறினார். கதவு திறந்திருந்தது. உள்ளே கடைக்காரரும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். பிடிப்பதும் தப்புவதும் திரும்பப் பிடிப்பதுமாக என்ன வேகம், என்ன சிரிப்பு! இந்த அறையில் இப்படி ஒரு ஆட்டத்தை மாஸ்டர் பார்த்ததே இல்லை.

மெக்கானிக்தான் முதலில் அவரைக் கவனித்தார். டிவியில் இரண்டு வீரர்களும் அப்படியே நின்றார்கள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரொம்ப நாளா, மாஸ்டர்" என்றார் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம்."

"அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

மெக்கானிக்தான் சொன்னார்.

"தூக்கினா நீங்க வரமாட்டீங்க மச்சான். நீங்க இல்லாம அந்த ரெண்டு ஞாயிறு நாங்க உக்காந்து ஆடிப் பார்த்தோம். நல்லாவே இல்ல."

மாஸ்டருக்குக் கோபம் வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவருக்கு வந்தது வெட்கம். கடைத்தெருவில் அத்தனை பேர் முன்னால்கூட அவருக்கு இவ்வளவு வெட்கம் வரவில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்து, கடைக்காரர் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார்.

"தூக்கு மாப்ள."

மெக்கானிக் தயங்கித் தயங்கித் தூக்கினார். மாஸ்டரின் வீரன் மல்லாக்க விழுந்தான்.

"இன்னொரு தடவை. மெதுவா வேணாம்."

மதியம் முழுக்க விழுந்தார். பொத்தானை ஒன்று முந்தி அழுத்தினார், இல்லையென்றால் பிந்தி அழுத்தினார். கடைக்காரர் பக்கத்தில் நின்று, "இப்போ... ஐயோ, போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒரு பிடியிலிருந்து எப்படியோ தப்பினார், அடுத்த பிடியில் மறுபடி விழுந்தார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வாரம் நானும் கொஞ்சம் முன்னாடியே வரட்டுமா?"