கயல்விழி கழித்துவிட்ட மேடு

போத்தனூர் கயல்விழியிடம் என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "காந்தமுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். மேற்கொண்டு கேட்கிறவர்கள் குறைவு. வயது நாற்பத்திரண்டு. மதுக்கரைப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷ வேலை. ஷிப்ட் முடிந்ததும் தனியார் கல்லூரி ஒன்றில் பகுதிநேர பிஎச்.டி. இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறாள் என்று ஊர் வியந்தது. வியக்க அவளுக்கு நேரமில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் கிருபாசங்கர் அவளைவிட ஐந்து வயது இளையவர். கெட்டிக்காரர்தான், அதில் அவருக்கே ஒரு பிடி கூடுதல் நம்பிக்கை. போன ஆவணியில் அவளைக் கூப்பிட்டு, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். அவள் மூன்று வருஷம் சுட்டும் அரைத்தும் தயாரித்த மாங்கனீஸ் ஆக்ஸைடுப் பொடி அது. கடுங்குளிரில் அதன் அணுக்காந்தங்கள் ஒழுங்காக அணிவகுக்கும், அப்போது நியூட்ரான் வரைபடத்தில் புதிதாகக் கூர்முனைகள் எழும் என்று எதிர்பார்த்து மும்பையில் உள்ள அணு உலை ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்தார்கள். ஒரு முனைகூட எழவில்லை. அத்தியாயம் போனால் ஆய்வேடு தேறாது. பதிவுக் காலமோ தை மாதத்தோடு முடிகிறது, இனி நீட்டிப்பும் கிடையாது. அன்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

அடுத்த வாரம் ஆலையில் புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் நித்யஸ்ரீ, சாம்பல் கலந்த சிமெண்டின் எக்ஸ்ரே வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கூர்முனைகளுக்கு அடியில் இருக்கவேண்டிய அகலமான மேட்டைக் கம்ப்யூட்டரில் கழித்துவிட்டு, துடைத்த தரைபோல வைத்திருந்தாள்.

"அந்த மேடுதான் கண்ணு சாம்பலே. சாம்பல் கண்ணாடி மாதிரி, அதுக்கு முனை வராது, மேடுதான் வரும். அதைக் கழிச்சுப்போட்டா, சிமெண்ட்ல சாம்பலே இல்லைன்னல்ல ஆயிரும்?" என்ற கயல்விழிக்குச் சட்டென்று தன் நான்காம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் அவள் செய்ததும் அதேதான். அங்கே எந்த அளவு வந்தாலும் முதல் வேலை, முனைகளுக்கு அடியில் கிடக்கும் பின்னணியைக் கழிப்பது. ஆலையில் கனவிலும் செய்யாததை, படித்தவர்கள் செய்கிறார்களே என்று கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கிறாள். கிருபாசங்கர் பார்த்ததெல்லாம் அவள் துடைத்துக் கொடுத்த படம்தான்.

மும்பையிலிருந்து வந்த மூலக் கோப்புகளைத் திறந்தாள். அறைவெப்பத்தில் மேடு இல்லை. குளிரக் குளிர மெல்ல எழும்பி, கடைசிக் குளிரில் குன்றாக நின்றது. தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

தப்பு தன்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கிருபாசங்கர் நம்பவில்லை. முனை இல்லாமல் ஒழுங்கு ஏது என்றார்.

"ஏனுங்க சார், முகூர்த்தத்துக்கு முன்னால மண்டபத்தைப் பாத்திருக்கீங்களா? பக்கத்துப் பக்கத்துல இருக்கறவங்க எதிரும் புதிருமாத் திரும்பிப் பேசிட்டிருப்பாங்க. நாலு சேருக்கு அந்தாண்டை யாரு எங்க பாக்கறாங்கன்னு தெரியாது. கெட்டிமேளம் கொட்டுனாத்தான் மொத்தக் கூட்டமும் மேடையைப் பாக்கும். நம்ம பொடியில மேளம் கொட்டலீங்க. அந்தப் பக்கத்துப் பேச்சுதானுங்க இந்த மேடு. அதுக்காவ ஆளே இல்லைன்னு சொல்லலாமுங்களா?"

அவர் மூலக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் கமிட்டி முன்னால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அது சம்மதமா கைகழுவலா என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் காத்திருக்கவும் இல்லை.

மார்கழியில் கமிட்டி கூடியது. வெளியூரிலிருந்து வந்த கோபாலசாமி என்ற மூத்த பேராசிரியர் நான்காம் அத்தியாயத்தைத் திறந்ததுமே முகம் சுளித்தார். பின்னணியைக் கழிக்கக்கூடத் தெரியாதா, பொடியில் பாதி சரியாகப் படிகமாகாமல் கண்ணாடியாக நின்றிருக்கும், அந்த மேடுதான் இது என்றார். கிருபாசங்கர் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் எழுந்தார். அதற்குள் கயல்விழி பேசிவிட்டாள்.

"கண்ணாடி மேட்டைப் பதினாலு வருசமாத் தினமும் பாக்கறனுங்க. அது குளிருக்கும் வராது, சூட்டுக்கும் போகாது. இது சூடு பண்ணுனாக் காணாமப் போவுதுங்க."

ஐந்து வெப்பநிலைகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். மேட்டின் அகலத்தை அளந்து, நாலைந்து அணுத் தொலைவு வரைக்கும்தான் ஒழுங்கு, அதற்கு மேல் இல்லை என்று கணக்கையும் போட்டாள். கோபாலசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, ஆய்வேடே இந்த அத்தியாயம்தான், இதை முன்னால் வைத்து மற்றதைப் பின்னால் தள்ளுங்கள் என்றார். கயல்விழி அங்கேயே பேனாவை எடுத்து அத்தியாய எண்ணை அடித்து மாற்றினாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து அவள் கல்லூரிக்குப் போனபோது, ஆய்வகக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையெழுத்து கிருபாசங்கருடையது.

"பின்னணியைக் கழிக்கும் முன் கயல்விழி அக்காவைக் கேட்கவும்."

ஆறு வருஷமாக அவளை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர்.