டீச்சருக்குத் தெரியாத சொல்

ஏழாம் வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சர் என் சொந்தச் சித்தி. கடற்கரை ஊரான இனயத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு பேரும் ஒரே குடையில் பள்ளிக்கூடம் போவோம். அதனால் வகுப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஏப்ரல் வந்தது. பாடமெல்லாம் முடிந்துவிட்டது, பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். படித்ததையே திரும்பப் படி என்றால் யார் கேட்பார்கள்? புழுக்கத்தில் பாதிப் பேர் தூங்கினோம், மீதிப் பேர் வரவேயில்லை. மெற்றில்டா வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அதிசயம். அப்பா கடலுக்கும் அம்மா சந்தைக்கும் போய்விட்டால் தம்பியை அவள்தான் பார்க்க வேண்டும். வந்தாலும் வாய் திறக்கமாட்டாள். பரீட்சை எழுதாமல் நின்றால் அந்தப் பிள்ளை ஜூனில் திரும்பி வராது என்று சித்தி அம்மாவிடம் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை புத்தகத்தை மூடி வைத்தாள். நாளை முதல் வீட்டிலிருந்து ஆளுக்கொரு சொல் கொண்டுவர வேண்டும். டீச்சருக்கு அர்த்தம் தெரிந்தால் அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். தெரியாவிட்டால் கொண்டுவந்த பிள்ளைக்கு டீச்சர் நாற்காலி; டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். நாற்காலி என்றதும் வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது.

இரண்டு நாள் சித்தி எல்லோரையும் ஊதித் தள்ளினாள். வெப்ராளம் என்றால் மனப்பதற்றம், ஓர்மை என்றால் ஞாபகம்; எதுவும் எடுபடவில்லை. கத்தரில் இருக்கிற அப்பாவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு ஒருவன் கொண்டுவந்த சொல்லும் தோற்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை, என் சித்தியல்லவா!

வியாழக்கிழமை மெற்றில்டா வந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. எழுந்து, யாருக்கும் கேட்காத குரலில் "கணிச்சம்" என்றாள்.

சித்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியாது மக்கா. நீ சொல்லிக் குடு."

சித்திக்கா தெரியாது? வீட்டில் கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும்போதுகூட, கணிச்சம் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பாள். பொறுக்க முடியாமல் எழுந்து, "டீச்சர், உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உக்காருட்டி."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மெற்றில்டா நாற்காலியைத் தொடக்கூட இல்லை. சாக்பீஸை வாங்கிப் போர்டில் கரை வரைந்தாள், மாதா கோயில் கோபுரம் வரைந்தாள், பின்னால் மலை. கடலில் நின்று பார்க்கும்போது கோபுரமும் மலையும் நேருக்கு நேர் வந்தால் ஒரு கோடு. இன்னொரு பக்கம் இரண்டு அடையாளம் பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் தண்ணீருக்கடியில் பாறை, அங்கேதான் மீன். அப்படி அடையாளம் பார்த்து இடத்தைக் குறித்துவைப்பதுதான் கணிச்சம். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தி, கை தூக்கித் தூக்கிச் சந்தேகம் கேட்டாள். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

மறுநாளிலிருந்து மெற்றில்டா ஒரு நாளும் தவறவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு நாள் வந்தாள், பரீட்சையும் எழுதினாள். சித்திக்கோ அதன்பிறகு தெரியாத சொற்கள் பெருகிவிட்டன. தினம் யாராவது ஒருவர் நாற்காலி ஏறினார்கள்.

எனக்கு மானமே போயிற்று. வீட்டில் சண்டை பிடித்தேன். தெரிந்ததைத் தெரியாது என்பது பொய், கோயில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்றேன். "சொல்லுகேன் மக்கா" என்று சிரித்தாள்.

கடைசி நாள் என் முறை. சித்தியைப் பெற்ற பாட்டாவிடமே போய், உங்கள் மகளுக்குத் தெரியாத சொல்லாக ஒன்று தாருங்கள் என்று கேட்டேன். காலமெல்லாம் கடலுக்குப் போனவர், சிரித்துக்கொண்டே "நீவாடு" என்றார். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு அந்தப் பேர். வகுப்பில் சித்தி நெற்றியைச் சுருக்கினாள், கண்ணை மூடினாள், தெரியவில்லை என்று கையை விரித்தாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்றவர்களிடம் பொய் சொன்ன சித்தி, என் சொல்லில் மட்டும் நிஜமாகவே தோற்றுவிட்டாள் என்று அன்று யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.