அலுவலக நேரத்துக் கசிவு

நுரை அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கசிவு எங்கே இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்காமல் எந்த ஏசிக்கும் கேஸ் நிரப்ப மாட்டார். கெட்ட பழக்கம் என்பது சக மெக்கானிக்குகள் சொல்வது. அரை மணியில் கேஸை ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய கோடையில், இந்த அம்மாள் சோப்புத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு குழாய் மூட்டுக்கும் நுரை பூசிவிட்டு, எங்கே குமிழி விடுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு எரிச்சல் வராதா? ‘நுரை’ என்ற பட்டப்பெயரும் அவர்கள் கிண்டலாக வைத்ததுதான். அக்கா அதையே கடைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு கிண்டல் செய்ய அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் பிறவி மெக்கானிக் இல்லை. பதினோரு வருடம் ஓர் ஏசி சர்வீஸ் கடையில் போன் எடுக்கிற வேலை பார்த்தவர். ‘கூலிங் இல்லை’, ‘தண்ணீர் சொட்டுகிறது’, ‘சத்தம் வருகிறது’ என்று வருகிற புகார்களை நோட்டில் எழுதுவதுதான் வேலை. எழுதி எழுதி ஒன்று கண்ணில் பட்டது. அதே வீடுகள், நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை, அதே புகார். ஒருநாள் முதலாளியிடம் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினார்.

“கேஸ்னா தீரத்தானேம்மா செய்யும்?” என்றார் முதலாளி.

“மூடின குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வருதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. வெளிய போகாதது எப்படித் தீரும்?”

“போன் அடிக்குது, எடு.”

போன் அடிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் நாற்பத்திரண்டாவது வயதில் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தார். வகுப்பில் மற்றவர்களுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது, அக்காவுக்கு மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. ஆனாலும் தேர்வில் முதல் ஆளாகத் தேறினார். இப்போது சொந்தக் கடை. பழைய போன் புத்தி மட்டும் போகவில்லை. ஒரு வீட்டுக்குப் போவதற்கு முன்பே போனில் அரை மணி நேரம் குடைந்தெடுப்பார். எப்போது தொடங்கியது, குழாயில் பனி படிகிறதா, போன தடவை கேஸ் போட்டு எத்தனை நாள் நன்றாக ஓடியது, அதற்குள் வீட்டில் என்ன மாறியது. பதில்களை ஒரு நீள நோட்டில் எழுதுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியில் இரண்டு கட்டங்கள்: கசிந்த இடம், காரணம். அந்த இரண்டு கட்டமும் நிரம்பாத பக்கம் அவர் நோட்டில் கிடையாது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பெண் போன் செய்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, ஒன்பதுக்குக் கிளம்பினால் நாலரைக்குத்தான் வீடு. கணவர் வேலை செய்த இடத்தில் கொதிநீர்க் குழாய் வெடித்து, முதுகும் கால்களும் வெந்து, ஒட்டுத்தோல் வைத்து வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒட்டுத்தோல் வியர்க்காது. அறை சூடானால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் மனிதர் துவண்டுபோவார். அந்த வீட்டில் ஏசி சொகுசுக்கு இல்லை, உயிருக்கு.

“அஞ்சு மாசம் நல்லா ஓடுச்சுக்கா. அப்புறம் கூலிங் போச்சு. கேஸ் போட்டாங்க, மூணு மாசம் வந்துச்சு. மறுபடி போட்டாங்க, ஆறு வாரம். கடைசியா போட்டது பத்தே நாள். ரெண்டு பேர் பாத்துட்டாங்க, கசிவு எங்கேன்னு ஒருத்தருக்கும் தெரியல.”

“இந்த ஒரு வருஷத்துல வீட்ல என்னம்மா மாறிச்சு?”

“எங்க வீட்ல எதுவுமே மாறாதுக்கா. அவர் படுத்திருப்பார். நான் போயிட்டு வருவேன். அவ்வளவுதான்.” பிறகு குரல் இறங்கியது. “சனிக்கிழமை வேன் வருது. குளிரான ஊர்ல அவரோட அக்கா இருக்காங்க. அங்க அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். இந்த அறையை என்னால குளிரா வச்சுக்க முடியல. நான் வேலையை விட்டுட்டுக் கூடப் போகவும் முடியாது. சனிக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா அனுப்ப மாட்டேன்.”

நோட்டில் அக்கா எழுதினார்: சனிக்கிழமை. அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

செவ்வாய்க்கிழமை போனபோது, கடையிலிருந்த சக்கரம் வைத்த பழைய ஏசியையும் தள்ளிக்கொண்டு போனார். சோதனை முடியும்வரை அறையைச் சமாளிக்க அது போதும். அறை சுத்தமாக இருந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. நடந்து பழகட்டும் என்று கணவரின் அண்ணன் வந்து துளைபோட்டு மாட்டிக் கொடுத்ததாம். முதல் வாரமே நடக்கப்போய் விழுந்தாராம். தாங்கிப் பிடிக்க ஓடிய மனைவிக்கு மணிக்கட்டு உடைந்ததாம். அதோடு அந்தக் கம்பியைத் தொடுவதில்லை, துண்டு காயப்போடத்தான் உதவுகிறது என்றார் அந்தப் பெண். கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எல்லா மூட்டுகளிலும் நுரை பூசினார். ஒரு குமிழிகூட இல்லை. இருந்த கொஞ்சநஞ்சக் கேஸையும் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு, குழாயில் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றினார். வீட்டின் பின்பக்கம் வெளி யூனிட்டில் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டி, முள் நின்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். கசிந்தால் முள் இறங்க வேண்டும். இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்தார். முள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது.

“காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

புதன் காலை போன் வந்தது. முள் கோட்டிலேயே இருக்கிறது. புதன் மாலை போன் வந்தது. முள் இறங்கிவிட்டது. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகல் சூட்டில் முள் ஏறினாலும் ஏறும், இறங்க வழியில்லை. போனிலேயே மாலை நின்ற இடத்தில் புதுக்கோடு போடச் சொன்னார். வியாழன் காலை, அந்தப் புதுக்கோட்டிலிருந்து இம்மிகூட இறங்கவில்லை.

இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றை அக்கா பார்த்ததில்லை. கசிவு என்றால் இரவு பகல் பார்க்காமல் கசியும். இது ஒன்பதுக்கு மேல் தொடங்கி நாலரைக்குள் முடித்துக்கொள்கிறது. அலுவலக நேரத்தில் மட்டும் வேலை பார்க்கிற கசிவு!

‘சரி, வேலை நேரத்திலேயே போய்ப் பார்த்துவிடுவோம்’ என்று பதினொரு மணிக்குக் கிளம்பினார். கதவைத் தட்டிப் படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று பக்கச் சந்தின் வழியாக நேரே பின்பக்கம் போய் மீட்டர் முன்னால் குந்தினார். முள் சும்மா நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திடீரென்று ஒரு துள்ளு துள்ளிக் கொஞ்சம் இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு துள்ளல்.

அப்போதுதான் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கேட்டது. மூச்சிரைக்க, ஒவ்வொன்றாக யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“ஆறு... ஏழு...”

அக்கா எட்டிப் பார்த்தார். கணவர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு நடந்துகொண்டிருந்தார். கால் முன்னால் போகும்போதெல்லாம் கம்பி ஒரு நூல் அசைந்தது. கம்பி அசையும்போதெல்லாம் மீட்டர் முள் துள்ளியது.

அக்காவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. ஏசிக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. அண்ணன் முடுக்கிய திருகாணிகளில் ஒன்று குழாயைத் தொட்டுவிட்டது. துளைபோட்ட திருகாணியே துளையை அடைத்துக்கொண்டும் நிற்கிறது. யாரும் தொடாவிட்டால் கசியாது. பாரம் விழுந்தால் கசியும்.

“சார்” என்று மெல்லக் கூப்பிட்டார்.

மனிதர் திருடன் பிடிபட்ட மாதிரி விழித்தார். ஆனால் கையை விடவில்லை. எண்ணிக்கை முடிந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா. நான் எழுந்திருச்சா அவ பிடிக்க ஓடி வருவா. அன்னிக்கு மணிக்கட்டு போச்சு, இன்னொரு நாள் முதுகு போகும். கம்பியைப் பிடிக்காம நடந்ததுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்த ஏசி வேற மானத்தை வாங்குது.”

“ஏசியைத் திட்டாதீங்க சார். அது பாட்டுக்கு ஒழுங்காத்தான் இருக்கு. அதோட குழாயைத்தான் தினம் நீங்க பிடிச்சு ஆட்டுறீங்க.”

விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. தன்னை இந்த வீட்டிலிருந்து கிளப்பப்போவது தன் நடையேதான் என்பது யாருக்குத்தான் தாங்கும்?

“நான் சொல்ல மாட்டேன் சார். அது உங்க விஷயம். ஆனா கசிவைக் கண்ணால காட்டாம எந்த வீட்டையும் விட்டு நான் வந்ததில்லை. அது என் விஷயம். சாயங்காலம் வரேன்.”

மாலை ஐந்து மணிக்கு வந்தபோது கட்டிலடியில் ஒரு பெட்டி பாதி அடுக்கியிருந்தது. மடித்த சட்டைகள், மருந்து டப்பா, தைலப் புட்டி. அந்தப் பெண் அடுக்குவதை நிறுத்தாமலே கேட்டார்:

“தெரிஞ்சுதாக்கா?”

“தெரிஞ்சுடுச்சும்மா. காட்டுறேன், வாங்க.”

கம்பியைச் சுவரில் பிடித்திருந்த தாங்கிகளில், உள்ளே குழாய் போகிற இடத்துக்கு நேராக இருந்த மூன்றாவதில், அக்கா திருகாணித் தலையைச் சுற்றிக் கெட்டியாக நுரை பூசினார். மூன்று பேரும் பார்த்தார்கள். நுரை சும்மா இருந்தது.

“ஒண்ணும் வரலையே?”

“சும்மா இருந்தா வராது. ஒருத்தர் கம்பியைப் பிடிச்சு அழுத்தணும்.”

அந்தப் பெண் சட்டென்று போய் இழுத்துப் பார்த்தார். தொங்கிக்கூடப் பார்க்கப் போனார், உடைந்து கூடிய மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. நுரை மசியவில்லை.

“உங்க பிடி போதாதும்மா” என்றார் அக்கா. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கட்டிலில் இருந்த கணவர் கால்களைத் தரையில் ஊன்றினார். மனைவி பதறிக்கொண்டு ஓட, அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

“நில்லுங்கம்மா. நீங்க நுரையைப் பாருங்க.”

அவர் எழுந்தார். கம்பியைப் பிடித்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். திருகாணியோரம் ஒரு குமிழி முளைத்துப் பெருத்து உடைந்தது. இன்னொரு கால். இன்னொரு குமிழி. சுவரின் அந்தக் கோடிவரை பதினோரு எட்டு நடந்து, திரும்பி நின்று, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டார். நுரையை அந்தப் பெண் பார்க்கவே இல்லை. கணவரின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போல இருந்துங்க?”

“நீ மாவுக்கட்டு பிரிச்ச மறுநாள்லேர்ந்து” என்றார் அவர். “முதல்ல ஒரு நாளைக்கு ரெண்டு எட்டு. அவ்வளவுதான் முடிஞ்சுது.”

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்தார். உதடு தானாக அசைந்தது. “அஞ்சு மாசம். மூணு மாசம். ஆறு வாரம்.” நிறுத்தி, கணவரை நிமிர்ந்து பார்த்தார். “பத்து நாள்.” ஒவ்வொரு முறை கேஸ் தீர்ந்தபோதும் அந்தப் பெண் இந்த வீட்டையும் விதியையும் திட்டித் தீர்த்திருந்தார். நாள் குறையக் குறைய, தான் இல்லாத நேரத்தில் இதே அறையில் ஒருவர் நடை கூடியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாதி மடித்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். நடுவில் சிரிக்கவும் செய்தார். அக்கா மீட்டரைக் கழற்றும் சாக்கில் பின்பக்கம் போய், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அக்கா செப்புக் குழாய்ச் சுருளோடு வந்துவிட்டார். அந்தச் சுவரைத் தொடாமல், வெளிப்பக்கமாகச் சுற்றிப் புதுக்குழாய் போட்டார். அந்தப் பெண் லீவு போட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கம்பியை அந்தப் பக்கம் மாத்திட்டா இவ்வளவு வேலை இல்லையே அக்கா?” என்றார் கணவர்.

“அவர் வழியில நாம எதுக்குக் குறுக்க போகணும்?” என்றார் அக்கா, அவர் மனைவியிடம். “கம்பி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். குழாய்தான் நகரணும்.”

நைட்ரஜன் ஏற்றி, அவரை ஐந்து தடவை நடக்கவிட்டு, முள் அசையவில்லை என்று மூன்று பேரும் பார்த்த பிறகே கேஸ் நிரப்பினார். மதியத்துக்குள் அறை குளிர்ந்தது. வேன்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னது கணவர்தான், நின்றுகொண்டே.

கடைக்கு வந்ததும் அக்கா நீள நோட்டைப் பிரித்தார். கசிந்த இடம் என்ற கட்டத்தில் ‘கைப்பிடிக் கம்பி, மூன்றாவது தாங்கி’ என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்.

‘காரணம்: வீட்டுக்காரர் நடக்கிறார்.’