நாலு பல்லுக்கும் கேப்

வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டது என்றுதான் போன வருஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்த டாக்டரம்மா, கட்டாயம் அதன்மேல் உறைபோல ஒரு கேப் போட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். பனியனைப் பாலிதீன் கவரில் போடுவதுபோல அதெல்லாம் பார்வைக்கு என்று முடிவு செய்து, நான் அந்தப் பக்கமே போகவில்லை.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர் நான். நூல் வெட்ட மிஷினிலேயே டிரிம்மர் தொங்கும். இருந்தாலும் பல்லால் கடித்து அறுப்பதுதான் என் வழக்கம். முன்பற்களில் நூல் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்த பிறகு வேலையைக் கடைவாய்க்கு மாற்றியிருந்தேன். ஒரு மத்தியானம் அப்படிக் கடித்தபோது படக்கென்று சத்தம். வேர் சிகிச்சை செய்த அதே பல்லில் பாதி கையில் வந்தது.

"பத்திரமா வெச்சுக்குங்ணா. பீஸ் கொறஞ்சுதுன்னா வாங்கற பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பீருவான்" என்றார் பக்கத்து மிஷின்காரர்.

ஊரையே கிண்டலடிக்கும் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மீதிப் பற்களும் வரிசையாக உதிரப் போகின்றன என்று நாக்கால் தடவிக்கொண்டே, அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மனைவியை இழுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் பல் ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன்.

அங்கிருந்த டாக்டர், உடைந்த பல்லோடு பக்கத்துப் பற்கள் மூன்றையும் சுற்றிச் சீவி, நாலுக்கும் கேப் போட வேண்டும் என்றார். வலி உண்டா, சொத்தை உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. நானோ பயத்தில், நாலென்ன, இருக்கிற எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள் என்று வாயைப் பிளந்து படுத்துவிட்டேன்.

மனைவிதான் குறுக்கே வந்தாள். "ஏனுங்க டாக்டர், ஒடஞ்சது ஒண்ணுதானுங்களே? மத்த மூணும் என்னங்க பண்ணுச்சு?"

நாளைக்கு அவையும் உடையலாம், இப்போதே போட்டால் பாதுகாப்பு என்றார் அவர்.

"நாளைக்குக் கிழியும்னு புதுப் பனியனுக்கு இன்னைக்கே ஒட்டுப் போடுவாங்களாங்க?" என்றவள் என் பக்கம் திரும்பி, "எந்திரீங்க" என்றாள்.

பழைய டாக்டரம்மாவிடம் போனோம். வேர் சிகிச்சையில் நரம்பை எடுத்துவிடுவதால் வலி போகும். ஆனால் உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் வலுவிழந்து, மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடும், அதை இறுக்கிப் பிடிக்கத்தான் கேப் என்று திட்டிக்கொண்டே விளக்கினார். விரிசல் வேருக்குள் இறங்கியிருந்தால் பிடுங்கியே இருக்க வேண்டுமாம். மற்ற மூன்றையும் தட்டிப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்து, நல்ல பல், தொடவே கூடாது என்றார். ஒருமுறை சீவிவிட்டால் சீவியதுதான், திரும்ப வளராது.

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னதைக் கேட்காமல் ஒரு பல்லை உடைத்துக்கொண்டது என் திமிர். அதற்கு என்னைத் திட்டிக்கொள்கிறேன். ஆனால் பதறிப்போய் வந்தவனின் நல்ல பல்லைச் சீவத் துணிவது என்ன வைத்தியம்? பயந்தவன் எதற்கும் தலையாட்டுவான் என்று தெரிந்துதானே சொல்கிறார்கள்? இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

உடைந்த பல்லுக்கு மட்டும் கேப் போட்டார்கள். மற்ற மூன்றுக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.