முறைக்காரி கேட்ட கடிதம்

பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நான் காட்டோரத்து ஊரான முஃபுவேக்கு வேலைக்குப் போன முதல் நாள், சஃபாரி முன்பதிவு அறையில் எஸ்நார்ட் ஜெரே தொலைபேசியில் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜனவரில வராதீங்க, மழை. வண்டி சேத்துல நிக்கும், நீங்க வண்டியில நிப்பீங்க. ஜூலைல வாங்க. நீலச் சட்டை வேணாம், கடிக்கிற ஈ தேடி வரும்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை அவளிடம் சொன்னேன்.

"நல்லது தம்பி. அப்ப இந்தப் பெட்டியத் தூக்கி மேல வை" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் காட்டுப் பயணங்களை அவள்தான் வகுத்தாள். எந்த முகாமில் எத்தனை இரவு, லுவாங்வா ஆற்றை எங்கே கடப்பது, என்றைக்குக் காட்டுக்குள் நடைப் பயணம், எல்லாம் அவள் கணக்கு. அவளுக்கோ அந்த நடையில் வழிகாட்டியாக முன்னால் போக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் காட்டுக்குள் ஆறு வாரப் பயிற்சி. அடுத்து வரும் திங்கட்கிழமை முதலாளியின் அனுமதிக் கடிதத்தோடு போய் நிற்க வேண்டும்; கடிதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

முதலாளி முசோண்டா, பெம்பா என்ற இனம். எஸ்நார்ட், ங்கோனி இனம். ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு இனமும் இன்று மாமன் மச்சான் முறை. ங்கோனிக்காரர் எலி தின்பவர், பெம்பாக்காரர் குரங்கு தின்பவர் என்று இழவு வீட்டில்கூடக் கேலி செய்துகொள்வார்கள். கோபித்துக்கொண்டவருக்குத்தான் அவமானம்.

மூன்று முறை கேட்டுப் பார்த்தாள்.

"மச்சான், ஆறு வாரம் லீவு வேணும். காட்டுக்குப் போறேன்."

"எலி பிடிக்கத்தானே? எனக்கும் ரெண்டு கொண்டா."

அறையே சிரித்தது.

வெள்ளிக்கிழமை கடிதத்தைத் தட்டச்சு செய்து என்னிடம் கொடுத்தாள். "நீ வேற இனம். உனக்கும் அவருக்கும் முறை இல்ல. நீ குடுத்தா படிப்பாரு."

முசோண்டாவிடம் கொடுத்தேன். படித்தார். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "நெசமாவா? வரச் சொல்லு."

அவள் உள்ளே வந்தாள். பழக்கதோஷத்தில் அவர், "வாம்மா, எலிதின்னி" என்றார்.

"வந்தேன், குரங்குதின்னி. பல்லுல வாலு ஒட்டியிருக்கு, தொடச்சுக்க."

யோசிக்குமுன் அவள் வாய் சொல்லிவிட்டது. முசோண்டா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "லெட்டர்லயுமா விளையாட்டு! படிச்ச பையனையே நம்ப வச்சிட்டியே!"

"இல்ல மச்சான், நெசமாத்தான்…" அவள் குரல் உடைந்தது.

"நடிப்பப் பாரு!" என்று வாசலில் நின்ற ஓட்டுநர் ஒருவர் கைதட்டினார்.

"சார், இது விளையாட்டில்ல" என்றேன்.

"நீயும் கூட்டா, பட்டதாரி?" கடிதத்தை மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

எஸ்நார்ட் கத்தியிருந்தால் ங்கோனிக்காரி கேலி தாங்காதவள் என்று ஊரெல்லாம் பேசியிருக்கும். வெளியே தொலைபேசி மணி அடித்தது. போய் எடுத்தாள்.

"சொல்லுங்க, ஆகஸ்ட்ல எத்தன பேரு?"

திங்கட்கிழமை வந்து போனது.

நான் இப்போது சிப்பாட்டா நகரத்தில் வேறு வேலையில் இருக்கிறேன். எஸ்நார்ட் அதே அறையில் இருக்கிறாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அடுத்த பருவத்து நடைப் பயணங்களுக்கு அவள்தான் பயணிகளைச் சேர்க்கிறாள்.