சந்தனம் வைத்த கடைச் சீட்டு

பிள்ளைகளே, புதுக் கடுதாசியில் ஈரச் சந்தனம் காய்கிற வாசம் உங்களுக்குத் தெரியாது. நான் உங்கள் வயதில் இருந்தபோது, வாவிக்கரை ஊரான பழுகாமத்தில் எங்கள் தெரு முழுவதும் அந்த வாசம்தான்.

அக்காவுக்குக் கலியாணம் பேசியிருந்த வருடம் அது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சேரும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். அவர் கால் வைக்கும் நாளில் வீட்டுக்குள் ஆளுயர "நிலைக்கண்ணாடி" நிற்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வாங்க வழியில்லை. ஆனால் அந்நாளில் கடைக்காரர்கள் ஆட்களை இழுக்கப் போட்டி போட்டுக்கொண்டு பரிசு கொடுத்தார்கள். ஒரு கடையில் சவுக்காரத்தோடு சீப்பு, இன்னொரு கடையில் தேயிலையோடு கோப்பை. அம்மா தோணியேறி வாவிக்கரைக் கடைகளையெல்லாம் விசாரித்து, கடைசியில் காத்தான்குடியில் ஒரு "காக்கா"வின் கடையைப் பிடித்தார். முஸ்லிம் வியாபாரிகளை நாங்கள் அண்ணன் முறையில் அப்படித்தான் அழைப்போம். அங்கே சாமான் வாங்கும்போதெல்லாம் ஒரு "சீட்டு" தருவார்கள். கட்டுக்கட்டாகச் சேர்த்தால், கடை வாசலில் நின்ற நிலைக்கண்ணாடியே கிடைக்கும்.

ஒரு வீட்டுச் செலவில் அத்தனை சேருமா? அம்மா தெருப் பெண்களையெல்லாம் அந்தக் கடைக்கே திருப்பினார். "சீட்ட மட்டும் பத்திரமா வைங்ககா, நான் கேக்கக்குள்ள தாங்க" என்றார். எல்லோரும் "ஓம்" என்றார்கள்.

கலியாணம் நெருங்கியதும் அம்மாவும் நானும் சீட்டுக் கேட்டுப் போனோம். அழகுக்காக அச்சுக்கூடத்தார் சீட்டில் லட்சுமி படம் போட்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் அதைப் பத்திரமாக வைத்த இடம் சாமி மூலைச் சுவர்! பசை பூசி ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூவும் சாத்தியிருந்தார்கள்.

"கலியாண வீட்டுக்காரி லட்சுமியப் பிடுங்க வந்திருக்காகா!" என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்தார். சிரித்தாரே தவிரக் கைவைக்க விடவில்லை. அம்மாவும் சுவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். எங்கள் வீட்டுச் சீட்டுகளும் சுவரில்தானே இருந்தன!

மறுநாள் அம்மா வெறுங்கையோடு காக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார். "கண்ணாடிய வேற ஆருக்கும் குடுங்க காக்கா" என்றார்.

காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "தோணி நிக்குதா தங்கச்சி? நானே வந்து பாக்கன்."

அவர் எங்கள் தெருவில் நடந்தது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றினார். படிக்கு வெளியே நின்றபடியே கழுத்தை நீட்டிச் சுவரைப் பார்த்து, விரலால் எண்ணினார். "உள்ளுக்கு வாங்க காக்கா" என்று கூப்பிட்டவர்களுக்கு, "சாமி இருக்கிற இடம், இஞ்ச நிண்டாலே தெரியுது" என்றார். தெருக்கோடியில் திரும்பி, "கணக்குச் சரி. சீட்டு அங்கயே இருக்கட்டும். ஆனா நாளைக்குச் சந்தனத்த அழிச்சுப்போட்டு வந்து இன்னொரு கண்ணாடி கேக்கப்படா!" என்றார். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கண்ணாடி தோணியில் மல்லாந்து வந்தது. மேலே வானம், தோணிக்குள்ளும் வானம். கொக்கு ஒன்று என் காலடியில் பறந்து போனது. குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

இன்று அந்தக் கடை இல்லை, சீட்டு ஒட்டிய மாமிமாரும் இல்லை. கண்ணாடியில் ரசம் போய் முகம் தெரிவதில்லை. அக்காவுக்குக் கொடுத்த எங்கள் பழைய வீட்டுச் சாமி மூலையில் ஒரு சீட்டு மட்டும் மிச்சம். லட்சுமி வெளிறிப்போய் வெறும் கடுதாசியாக இருக்கிறது. போன மாதம் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சீட்டு இருந்த இடத்தை விட்டுச் சுற்றி அடித்தேன். பிறகு வெளியே வந்து செருப்பைப் போடாமல், காக்கா நின்ற இடத்தில் நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.